அழிந்த குருத்தெலும்பு மீண்டும் வளருமா?

அடுத்த முறை உங்கள் வீட்டில் கோழிக்கறி வாங்கும்போது, சமைப்பதற்கு முன் கால் எலும்பு ஒன்றை எடுத்து அதன் முனையைச் சற்று உற்றுப் பாருங்கள். எலும்பின் நடுப்பகுதி கடினமாக இருக்கும். முனையிலோ, நீலம் கலந்த வெண்மை நிறத்தில், வழவழப்பான மெல்லிய மூடி ஒன்று காணப்படும். நகத்தால் அழுத்தினால் சிறிது அமுங்கும். கத்தியால் சீவினால் மெல்லிய ஏடாகப் பெயர்ந்து வரும். இதுவே மூட்டுக் குருத்தெலும்பு. உங்கள் முழங்காலிலும் இதே போன்ற மூடி, பல இடங்களில் 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிப்பில், எலும்பின் முனைகளைப் போர்த்தியிருக்கிறது.

இந்த மெல்லிய ஏட்டின் மேல் விழும் சுமையோ பெரிது. சமதரையில் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டின் மேல் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை அழுத்துகிறது. மாடிப்படி இறங்கும்போது இது மேலும் கூடுகிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் பல ஆயிரம் அடிகள் நடக்கிறார் என்றால், அந்த ஏடு எத்தனை ஆண்டுகள், எவ்வளவு பாரத்தை, ஓசையின்றித் தாங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்!

ஆயினும் இத்தகைய உறுதி வாய்ந்த பொருளிடம் ஒரு பெருங்குறை உண்டு. தோல் கிழிந்தால் ஆறிவிடுகிறது. எலும்பு முறிந்தால் கூடிவிடுகிறது. குருத்தெலும்பில் பள்ளம் விழுந்தாலோ அது தானாக நிரம்புவதில்லை. விளையாட்டில் அடிபட்ட இளைஞனின் முழங்காலில் விழுந்த சிறு பள்ளம், பல ஆண்டுகளுக்குப் பின் மூட்டுத் தேய்வு நோயாக முதிரக்கூடும். இக்குறையை நீக்க மருத்துவர்களும் அறிவியலாரும் இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக முயன்று வருகின்றனர். அண்மைக் காலத்தில் மரபணு மருத்துவமும், உடல் ஏற்கும் செயற்கைப் பொருள்களும் இம்முயற்சியில் கைகோத்துள்ளன. அந்த வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஹண்டர் கூறிய முடிவு

1743-ஆம் ஆண்டு. லண்டன் ராயல் கழகத்தில் மூட்டுக் குருத்தெலும்பின் அமைப்பையும் நோய்களையும் பற்றிய ஆய்வுரை ஒன்று படிக்கப்பட்டது. அதனை எழுதியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹண்டர். அப்போது அவருக்கு வயது 25. குருத்தெலும்பின் இழைகள், மகமல் துணியின் மயிர்களைப் போல, எலும்பின் மேல் செங்குத்தாக நிற்பதை அவர் விளக்கினார். மூட்டைச் சுற்றி வளையமாக ஓடும் இரத்தக் குழாய்கள் குருத்தெலும்பின் விளிம்போடு நின்றுவிடுவதையும் கண்டு எழுதினார். பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் காலம் முதல் எல்லா அறுவை மருத்துவரும் குருத்தெலும்பின் புண்ணைத் தொல்லை மிக்கதாகவே கருதினர் என்றும், ஒருமுறை அழிந்தால் அது மீள்வதில்லை என்றும் அவர் எழுதியது இன்றுவரை எடுத்தாளப்படுகிறது.

நுண்ணோக்கி நுட்பம் வளராத காலத்தில், ஓர் இளம் மருத்துவர் தம் கூரிய நோக்கினால் கண்ட உண்மை இது. அதற்கான காரணத்தை விளக்கப் பின்வந்தோருக்கு நெடுங்காலம் பிடித்தது.

இரத்தம் பாயாத திசு

உங்கள் விரலில் கத்தி பட்டால் என்ன நிகழ்கிறது? இரத்தம் கசிகிறது, உறைகிறது. அந்த உறைவுக்குள் பழுது பார்க்கும் உயிரணுக்கள், அதாவது செல்கள், வந்து குடியேறுகின்றன. அவை புதிய திசுவை உண்டாக்குகின்றன. ஆகவே காயம் ஆறுவதற்கு முதல் தேவை இரத்தம். மூட்டுக் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களே இல்லை. நரம்புகளும் இல்லை, எனவேதான் தேய்வு தொடங்கும்போது வலி தெரிவதில்லை. அதன் எடையில் பெரும்பகுதி நீர். அந்த நீரைப் பிடித்து வைத்திருப்பவை புரதமும் சர்க்கரைச் சங்கிலிகளும் சேர்ந்த பெரிய மூலக்கூறுகள். இவற்றை வலைபோலக் கட்டி நிற்பவை கொலாஜன் என்னும் புரத இழைகள். இவற்றுக்கிடையே தனித்தனியாக, மிகச் சிலவாகவே, குருத்தெலும்பு உயிரணுக்கள் சிறைப்பட்டவை போல அமர்ந்துள்ளன. பள்ளம் விழுந்த இடத்துக்கு அவற்றால் நகர்ந்து செல்ல இயலாது.

இக்கொலாஜன் எவ்வளவு பழமையானது என்பதை வியப்பூட்டும் ஒரு வழியில் கண்டறிந்தனர். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவு உயர்ந்து, பின்னர் மெல்லக் குறைந்தது. அக்கார்பன் பயிர்கள் வழியாக உணவிலும், உணவின் வழியாக மனித உடலிலும் சேர்ந்தது. எனவே ஒரு திசுவிலுள்ள கார்பன்-14-ஐ அளந்தால் அத்திசு எந்த ஆண்டுகளில் உண்டானது என்று கணக்கிடலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் முழங்கால் குருத்தெலும்பை இவ்வாறு ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். வளர்பருவத்தில் உண்டான கொலாஜனே வாழ்நாள் முழுவதும் இருந்து வருகிறது. பெரியவர்களின் குருத்தெலும்பில் அது ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. ஹண்டரின் கூற்றுக்கு அணுகுண்டே சான்று கூறியது எனலாம்.

துளையிட்டு இரத்தம் வரவழைத்தல்

இரத்தம் இல்லாததுதான் குறை என்றால், இரத்தத்தை வரவழைத்தால் என்ன? குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பில் இரத்தம் உண்டு. அதன் மச்சையில் பலவகைத் திசுக்களாக மாற வல்ல மூல உயிரணுக்களும் உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர அறுவை மருத்துவர் கென்னத் பிரிடி, தேய்ந்த முழங்கால் எலும்பில் சிறு துளைகள் இட்டு இரத்தம் கசியச் செய்யும் முறையை 1959-இல் அறிவித்தார். 1980-களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டெட்மன் இதனைச் செம்மைப்படுத்தி, கூரிய ஊசி போன்ற கருவியால் நுண்துளைகள் இடும் முறையைப் பரப்பினார்.

பள்ளம் நிரம்பியது உண்மையே. ஆனால் நிரப்பியது வேறு பொருள். மூட்டுக் குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகைக் கொலாஜன். புதிதாக வளர்ந்த திசுவிலோ, தழும்புகளில் காணப்படும் முதல் வகைக் கொலாஜனே மிகுந்திருந்தது. இந்த நார்க் குருத்தெலும்பு, மகமல் துணி கிழிந்த இடத்தில் சாக்குத் துணியால் ஒட்டுப் போட்டது போன்றது. சில ஆண்டுகள் பயன் தரும், பின்னர் நைந்துவிடும்.

இதற்கிடையே முதியோருக்கு வேறு வழி பிறந்தது. இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி 1960-களில் உலோகத்தாலும் பாலிஎதிலீனாலும் ஆன செயற்கை இடுப்பு மூட்டை வெற்றிகரமாகப் பொருத்தினார். செயற்கை மூட்டு இன்று கோடிக்கணக்கானோருக்கு நடை தந்துள்ளது. ஆனால் செயற்கை மூட்டும் தேயும். இருபது வயதில் ஒரே ஒரு பள்ளத்துடன் வரும் இளைஞனுக்கு மூட்டையே வெட்டி எடுப்பது முறையாகாது. ஆகவே தேடல் தொடர்ந்தது.

தம் இயல்பை மறந்த உயிரணுக்கள்

குருத்தெலும்பு உயிரணுக்களையே வெளியில் எடுத்துப் பெருக்கி மீண்டும் வைத்தால் என்ன என்ற எண்ணம் அடுத்துத் தோன்றியது. இதில் எதிர்பாராத இடையூறு ஒன்று குறுக்கிட்டது. கண்ணாடித் தட்டின் தட்டையான பரப்பில் வளர்த்தபோது அவை பெருகின. ஆனால் உருண்டை வடிவத்தை இழந்து தட்டையாகி, தங்களுக்குரிய இரண்டாம் வகைக் கொலாஜனைச் செய்வதை நிறுத்திவிட்டன. குருத்தெலும்பு உயிரணு என்னும் தம் இயல்பையே அவை மறந்துவிட்டன!

1982-இல் பென்யா, ஷாஃபர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், இவ்வாறு இயல்பு திரிந்த உயிரணுக்களைக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகரோஸ் என்னும் கூழில் பதித்து வைத்தனர். கூழுக்குள் நாற்புறமும் சூழப்பட்ட நிலையில் அவை மீண்டும் உருண்டையாயின. மீண்டும் இரண்டாம் வகைக் கொலாஜனை உண்டாக்கின. உயிரணுவின் நடத்தையை நிர்ணயிப்பதில் அது தங்கியிருக்கும் பொருளுக்கும் பங்கு உண்டு என்ற பாடம் இதனால் கிடைத்தது. இப்பாடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

ஸ்வீடன் நாட்டின் கோத்தன்பர்க் நகரில் லார்ஸ் பீட்டர்சனும் மாட்ஸ் பிரிட்பெர்க்கும் அவர்தம் குழுவினரும், நோயாளியின் உயிரணுக்களையே ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, பள்ளத்தில் இட்டு, எலும்பின் மேலுறைச் சவ்வை ஒட்டாகத் தைத்து மூடினர். 23 நோயாளிகளில் கண்ட விளைவை 1994-இல் வெளியிட்டனர். தொடை எலும்பின் முனையில் சிகிச்சை பெற்ற 16 பேரில் 14 பேர் இரண்டாண்டுகளுக்குப் பின் நன்னிலையில் இருந்தனர். முழங்கால் சில்லில் சிகிச்சை பெற்ற 7 பேரில் இருவருக்கே அந்நலன் கிட்டியது. 1997-இல் அமெரிக்க அரசு இம்முறைக்கு இசைவளித்தது. உயிரணுக்களைக் கொலாஜன் சவ்வில் பதித்து வைக்கும் திருந்திய முறைக்கு 2016-இல் இசைவு கிடைத்தது.

வளர்ச்சிக் காரணியும் அதன் மரபணுவும்

குருத்தெலும்பை வளரத் தூண்டும் புரதங்கள் உடலிலேயே உண்டு என்பது மற்றொரு வழியில் தெரியவந்தது. 1965-இல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட், சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது அங்கே புதிய எலும்பு உண்டாவதைக் கண்டார். எலும்பிலிருந்து பிரித்தெடுத்த இத்தகைய தூண்டு புரதங்களுள் ஒன்று, டி.ஜி.எஃப்.-பீட்டா என்று ஏற்கெனவே அறியப்பட்டிருந்த வளர்ச்சிக் காரணியே என்பது 1980-களில் தெளிவாயிற்று. மூல உயிரணுவைக் குருத்தெலும்பு உயிரணுவாக மாறச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு.

அப்படியானால் அப்புரதத்தை ஊசி மூலம் மூட்டில் செலுத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். மூட்டுக்குள் செலுத்திய புரதம் விரைவில் வெளியேறிவிடுகிறது. குருத்தெலும்பு வளர்வதற்கோ பல வாரங்கள், மாதங்கள் ஆகின்றன. வேனிற்காலத்தில் தென்னங்கன்றுக்கு ஒரே நாளில் நூறு குடம் நீர் ஊற்றிப் பயனில்லை. நாள்தோறும் ஒரு குடம் ஊற்ற வேண்டும். நாள்தோறும் முழங்காலில் ஊசி போட இயலுமா? புரதத்துக்குப் பதிலாக, அதனைச் செய்யும் கட்டளையாகிய மரபணுவை உயிரணுவுக்குள் வைத்துவிட்டால், உயிரணுவே நாள்தோறும் புரதத்தைச் சுரக்கும். இதுவே மூட்டில் மரபணு மருத்துவத்தின் அடிப்படைக் கருத்து.

மரபணு தானாக உயிரணுவுக்குள் நுழைவது அரிது. நுழையும் கலையில் வல்லவை வைரஸ்கள். ஆகவே வைரஸின் நோய் விளைக்கும் பகுதிகளை நீக்கி, அவ்விடத்தில் வேண்டிய மரபணுவை வைத்து வாகனமாகப் பயன்படுத்துகின்றனர். 1990 செப்டம்பரில் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில், நோய் எதிர்ப்பாற்றல் குறைவுடன் பிறந்த நான்கு வயதுச் சிறுமிக்கு இத்தகைய மருத்துவம் தொடங்கப்பட்டது.

மூட்டுக்குள் நுழைந்த மரபணு

மூட்டு மருத்துவத்துக்கு இதனைக் கொண்டுவந்தவர்கள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் எவான்ஸும் பால் ராபின்ஸும் ஆவர். அழற்சியைத் தணிக்கும் ஒரு புரதத்தின் மரபணுவை முயலின் முழங்காலில் சோதித்தபின், 1996-இல் மனிதரிடம் முதல் சோதனையைத் தொடங்கினர். முடக்குவாதத்தால் விரல் மூட்டுகள் சிதைந்த ஒன்பது பெண்கள் இதில் பங்கேற்றனர். மூட்டின் உட்சவ்விலிருந்து எடுத்த உயிரணுக்களில் ஆய்வுக்கூடத்திலேயே மரபணுவைச் செலுத்தி, பின்னர் அவற்றை விரல் மூட்டுகளில் இட்டனர்.

இச்சோதனையின் திட்டத்தைக் கூர்ந்து நோக்குங்கள். இப்பெண்களுக்கு அம்மூட்டுகளை அகற்றிச் செயற்கை மூட்டு வைக்க முன்பே நாள் குறிக்கப்பட்டிருந்தது. மரபணு செலுத்திய ஒரு வாரத்தில் அம்மூட்டுகள் அகற்றப்பட்டன. மரபணு வேலை செய்ததா என்று அகற்றிய திசுவில் பார்க்க முடிந்தது. அதே சமயம், செலுத்தப்பட்ட மரபணு அத்திசுவோடு பெரும்பாலும் உடலைவிட்டு வெளியேறியும் விட்டது. உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்குப் புதிய மருத்துவம் செய்யும்போது எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

இந்த எச்சரிக்கை வீணன்று என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் காட்டின. 1999-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், கல்லீரல் குறைபாட்டுக்கான மரபணுச் சோதனையில் பங்கேற்ற 18 வயது இளைஞர், வாகனமாகச் செலுத்திய வைரஸுக்கு எதிராக உடல் கிளர்ந்தெழுந்ததால் இறந்தார். பாரிஸில் எதிர்ப்பாற்றல் இன்றிப் பிறந்த குழந்தைகளை மரபணு மருத்துவம் காப்பாற்றியது. ஆயினும் வாகன வைரஸ் தகாத இடத்தில் போய்ச் செருகிக் கொண்டதால் அவர்களுள் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது 2002 முதல் தெரியவந்தது. 2007-இல் முடக்குவாதத்துக்காக முழங்காலில் மரபணு ஊசி பெற்ற 36 வயதுப் பெண்மணி இறந்தார். பூஞ்சைத் தொற்று உடலெங்கும் பரவியிருந்தது. எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வேறு மருந்துகளையும் அவர் பெற்று வந்தார். விசாரணையில் மூட்டுக்கு வெளியே வைரஸ் வாகனம் மிகச் சிறிதளவே காணப்பட்டது. மரபணு மருத்துவம் அச்சாவுக்குக் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு என்று கருதப்பட்டது. ஆயினும் ‘மூட்டில் செலுத்தியது மூட்டிலேயே நிற்கிறதா?’ என்ற கேள்வி எல்லோர் மனத்திலும் எழுந்தது.

நல்ல புரதம், தவறான இடம்

மூட்டுக்குள்ளேயே நின்றாலும் தொல்லை தீர்வதில்லை. ஊசி மூலம் செலுத்திய வைரஸ் பெரும்பாலும் எங்கே போகிறது? மூட்டின் உட்புறம் முழுவதையும் போர்த்தியுள்ள சவ்வுக்கே போகிறது. அதன் பரப்பு பெரிது. உயிரணுக்களும் எளிதில் எட்டக் கூடியவை. குருத்தெலும்பு உயிரணுக்களோ அடர்ந்த கூழுக்குள் ஒளிந்துள்ளன.

நெதர்லாந்து ஆய்வாளர்கள் டி.ஜி.எஃப்.-பீட்டா மரபணுவை எலிகளின் முழங்காலில் இவ்வாறு செலுத்தி, 2001-இல் முடிவை வெளியிட்டனர். மூட்டுச் சவ்வு தடித்தது. எலும்பின் ஓரங்களில் முட்கள் போன்ற வளர்ச்சிகள் தோன்றின. முயல்களிடம் இதே மரபணுவைச் சோதித்த எவான்ஸின் குழுவினரும் 2003-இல் கடுமையான தீய விளைவுகளையே அறிவித்தனர். குருத்தெலும்பை வளர்க்க வேண்டிய புரதம் மூட்டையே கெடுத்தது!

வாசகர்களே, இவ்வரலாற்றின் திருப்புமுனை இதுவே. புரதம் தீயதன்று, மரபணுவும் தீயதன்று. அது வேலை செய்த இடம்தான் தவறு. பள்ளத்துக்குள் சுரந்தால் மருந்து. சவ்வில் சுரந்தால் நோய். ஆகவே எந்த மரபணு என்ற கேள்வியோடு, எந்த இடத்தில், எத்தனை நாள் என்ற கேள்விகளுக்கும் விடை காண வேண்டியதாயிற்று. அவ்விடையைத் தரும் பொறுப்பை ஏற்றவை உடல் ஏற்கும் பொருள்கள்.

பஞ்சில் பொதிந்த மரபணு

இக்கருத்து முதலில் எலும்பில் சோதிக்கப்பட்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி பொனாடியோ, ஸ்டீவன் கோல்ட்ஸ்டீன் ஆகியோரின் குழு, வைரஸ் எதுவுமின்றி, பிளாஸ்மிட் எனப்படும் வளைய வடிவ டி.என்.ஏ.வைக் கொலாஜன் பஞ்சில் ஊறவைத்தது. எலிகளின் தொடை எலும்பில் உண்டாக்கிய இடைவெளியில் அப்பஞ்சை வைத்தனர். காயத்தை ஆற்ற வந்த உயிரணுக்கள் பஞ்சுக்குள் ஊர்ந்து புகுந்தன; வழியில் இருந்த மரபணுவை உட்கொண்டன; வேண்டிய புரதத்தைச் சுரந்தன; இடைவெளியில் எலும்பு வளர்ந்தது. இது 1996-இல் வெளியாயிற்று. 1999-இல் நாய்களின் கால் எலும்பிலும் இது மெய்ப்பிக்கப்பட்டது. மரபணுவை உயிரணுவிடம் அனுப்புவதற்குப் பதிலாக, உயிரணுவை மரபணுவிடம் வரவழைத்ததே இதன் புதுமை.

அதே காலத்தில் சாரம் என்ற கருத்தும் வலுப்பெற்றது. கொத்தனார் சுவர் எழுப்புமுன் மூங்கில் சாரம் கட்டுகிறார். சுவர் எழுந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிறார். அதுபோல, உடலில் மெல்லக் கரையும் பாலிமரால் சாரம் அமைத்து, அதில் உயிரணுக்களைக் குடியேற்றினால், திசு வளர வளரச் சாரம் கரைந்து மறையும். 1997-இல் அமெரிக்காவில் சார்லஸ் வகாந்தியின் குழு, மனிதக் காது வடிவிலான சாரத்தில் கன்றின் குருத்தெலும்பு உயிரணுக்களை இட்டு, எலியின் முதுகுத் தோலுக்கு அடியில் வளர்த்துக் காட்டியது. அந்தப் படம் உலகெங்கும் இதழ்களில் வெளிவந்தது. அந்த எலியிடம் மரபணு மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. பலர் இதனைத் தவறாக எண்ணிக்கொண்டனர்.

நெய்த சாரமும் கடற்பாசிக் கூழும்

சாரம், மரபணு, உயிரணு ஆகிய மூன்றையும் குருத்தெலும்புக்காக ஒன்று சேர்த்த முயற்சிகளுள் இரண்டை இங்கே கூறலாம்.

முதலாவது, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபர்ஷித் கிலாக், சார்லஸ் கெர்ஸ்பாக் ஆகியோரின் குழுவினர் 2014-இல் வெளியிட்டது. பாலிகேப்ரோலாக்டோன் என்னும், உடலில் மெல்லக் கரையும் பாலிமர் இழைகளை, தறியில் நெய்வதுபோல, ஆனால் நீளம், அகலம், உயரம் என்ற மூன்று திசைகளிலும் பின்னிச் சாரம் நெய்தனர். வைரஸ் பற்றிக்கொள்ளும் வகையில் அதன்மேல் ஒரு பூச்சுப் பூசி, டி.ஜி.எஃப்.-பீட்டா-3 மரபணுவைச் சுமந்த வைரஸ்களை ஒட்டவைத்தனர். பின்னர் மனித மூல உயிரணுக்களை அதில் விதைத்தனர். சாரத்தில் அமர்ந்த உயிரணுக்கள் அங்கேயே மரபணுவைப் பெற்று, வெளியிலிருந்து வளர்ச்சிக் காரணி எதுவும் சேர்க்காமலே, குருத்தெலும்புத் திசுவை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கின. நெய்த சாரம் முதல் நாளிலிருந்தே பாரம் தாங்கும் உறுதி உடையது என்பது இதன் மற்றொரு சிறப்பு. 2016-இல் கிலாக் குழு மேலும் ஓரடி சென்றது. ஒரு மருந்தைச் சேர்த்தால் இயங்கி, மருந்தை நிறுத்தினால் அடங்கும் வண்ணம் அழற்சி தணிக்கும் மரபணுவை அமைத்து, இடுப்பு மூட்டின் பந்து வடிவில் திசுவை வளர்த்தது. வீட்டு விளக்குக்குச் சுவிட்சு இருப்பதுபோல மரபணுவுக்கும் சுவிட்சு!

இரண்டாவது, ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் சார்லாந்து பல்கலைக்கழகத்தில் ஹென்னிங் மாட்ரி, மகாலி குக்கியாரினி ஆகியோர் தலைமையில் நடைபெற்று வருவது. இவர்கள் தேர்ந்த வாகனம், அடினோ-துணை வைரஸ் என்னும் மிகச் சிறிய வைரஸ். இது இயல்பில் மனிதருக்கு நோய் தருவதாக அறியப்படவில்லை. ஆனால் நம்மில் பலரின் உடலில் இவ்வைரஸுக்கு எதிரான புரதங்கள் முன்பே உள்ளன. அவை வாகனத்தை வழியிலேயே மறித்துவிடும். கூழ்ப்பொருளில் பொதிந்தால் இத்தாக்குதலிலிருந்து வைரஸுக்குப் பாதுகாப்பு கிடைப்பதை இக்குழு காட்டியது. 2021-இல் வெளியான ஆய்வில், பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட் என்னும் கூழில், ஐ.ஜி.எஃப்.-1 என்னும் வளர்ச்சிக் காரணியின் மரபணுவைப் பொதிந்து, சிறுவகைப் பன்றிகளின் முழங்கால் பள்ளத்தில் வைத்தனர். ஓராண்டுக்குப் பின் பள்ளத்தில் குருத்தெலும்பு மேம்பட்டிருந்தது. சுற்றியிருந்த நல்ல குருத்தெலும்பும் தேய்விலிருந்து காக்கப்பட்டது. எலி, முயல்களைவிடப் பன்றியின் மூட்டு மனித மூட்டுக்கு நெருங்கியது. ஓராண்டு என்பதும் குறுகிய காலமன்று. எனவே இம்முடிவு மதிக்கத்தக்கது.

1982-இல் உயிரணுக்களுக்கு அவற்றின் இயல்பை நினைவூட்டியதும் கடற்பாசிக் கூழே. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மரபணுவை அதன் இடத்தில் நிறுத்தியதும் கடற்பாசிக் கூழே. முன்பு குறித்து வைக்கச் சொன்ன பாடம் இங்கே பயன்பட்டதைக் காணலாம்.

கடக்க வேண்டிய தொலைவு

இவ்வளவையும் படித்தபின், முழங்கால் வலியால் வருந்தும் உங்கள் தந்தையாரோ பாட்டியாரோ உடனே இச்சிகிச்சையைப் பெறலாமா என்று நீங்கள் எண்ணக்கூடும். அதற்கு நேர்மையான விடை ‘இல்லை’ என்பதே. மேலே கூறிய சாரமும் கூழும் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிலும் வெற்றி கண்டவை. மேலும், இவை குறிப்பிட்ட இடத்தில் விழுந்த பள்ளத்துக்கான வழிகள். முதியோரின் மூட்டுத் தேய்விலோ குருத்தெலும்பு மட்டுமன்றி, சவ்வு, அடி எலும்பு என மூட்டு முழுவதுமே நோயுற்றிருக்கிறது. ஒரு பள்ளத்தை அடைப்பதால் அந்நோய் தீராது. புதிய திசு பழைய திசுவோடு விளிம்பில் இறுக ஒட்டுவதும் இன்னும் எளிதாகவில்லை.

விரைந்து ஓடினால் என்ன நேரும் என்பதற்குத் தென்கொரியாவில் நிகழ்ந்தது ஒரு பாடம். டி.ஜி.எஃப்.-பீட்டா-1 மரபணு ஏற்றிய உயிரணுக்களைக் கொண்ட மூட்டுத் தேய்வு ஊசிக்கு அந்நாடு 2017-இல் இசைவளித்தது. 2019-இல், அம்மருந்தில் குருத்தெலும்பு உயிரணுக்கள் என்று கூறப்பட்டவை உண்மையில் சிறுநீரகத்திலிருந்து தோன்றிய ஓர் ஆய்வுக்கூட உயிரணு வகை என்று தெரியவந்தது. அவ்வாண்டே இசைவு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் அவ்வூசியைப் பெற்றிருந்தனர். நோயாளியின் மூட்டுக்குள் செல்வது எது என்ற முதல் கேள்விக்கே விடை தவறாக இருந்தது!

புற்றுநோயாளி பெரும் அபாயத்தை ஏற்கத் துணிவதில் நியாயம் உண்டு, மாற்று இல்லை. முழங்கால் வலி உயிரைக் கொல்வதில்லை. ஆகவே இதற்கான மருத்துவம் மற்ற மருத்துவங்களைவிடக் கூடுதல் பாதுகாப்புடையதாக இருக்க வேண்டும். மரபணுவை ஓரிடத்தில் கட்டி நிறுத்தும் பஞ்சும், இழையும், கூழும் இங்கேதான் தம் தகுதியைப் பெறுகின்றன. அவை மருத்துவத்தின் பயனைக் கூட்டுவதோடு, நோயாளிக்குச் செய்ய வேண்டிய கடமையையும் நிறைவேற்றுகின்றன.

1743-இல் ஹண்டர் எழுதிய முடிவு இன்னும் முற்றிலும் பொய்யாகிவிடவில்லை. அழிந்த குருத்தெலும்பு தானாக மீள்வதில்லை என்பது இன்றும் உண்மையே. ஆனால், தக்க கட்டளையைத் தக்க இடத்தில் தக்க காலம் வரை நிறுத்தினால் அதனை வளர்க்க இயலும் என்பதற்கு விலங்குகளில் சான்று கிடைத்துவிட்டது. மனிதரிடம் அதனை மெய்ப்பிக்கும் பணி காத்திருக்கிறது. உயிரியலும் வேதியியலும் பொறியியலும், ஏன், நெசவுக் கலையும் கூட இதில் பங்கு கொள்ள வேண்டியுள்ளது. இதனைப் படிக்கும் மாணவர்களே, உங்களுள் யாருக்கேனும் அப்பணியில் ஒரு பங்கு காத்திருக்கலாம். அதுவரை, நாம் ஒவ்வொருவரும் செய்யக் கூடியது ஒன்று உண்டு. உடல் எடையை அளவோடு வைத்து, தொடைத் தசைகளுக்கு நாள்தோறும் பயிற்சி தந்து, வளர்பருவத்தில் இயற்கை ஒருமுறையே நெய்து தந்த அந்த மகமல் துணியைப் பேணிக் காப்போமாக.